ஆர்தர் காட்டனும் ஆற்றின் கணக்கும்

மாணவர் பக்கத்தில் இந்தக் காலாண்டுக்கு யாரைப் பற்றி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நம் மோட்டார்தான் தலைப்பை எடுத்துக் கொடுத்தது.

போன மாதம் இரண்டு நாள் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாமல் நாம் எல்லோரும் கீழிருந்து வாளியில் சுமந்தது நினைவிருக்கும். அன்று மாலை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் நம் பையன் ஒருவன் இரண்டு கைகளிலும் நிறை வாளியோடு இரண்டாவது மாடி வாசலில் நின்றிருந்தான். உள்ளே அம்மா போனில் இருந்ததால் கதவு திறக்க ஐந்து நிமிடம் ஆனது. மறுநாள் என்னிடம் வந்து, தாத்தா, அப்படி நின்றதில் என் கையே கழன்றுவிடும்போல் வலித்தது, ஆனால் நான் செய்த வேலை பூஜ்யம் என்று பாடப் புத்தகம் சொல்கிறதே, இது என்ன நியாயம் என்று கேட்டான்.

நல்ல கேள்வி. பள்ளியில் அறிவியல் நடத்திய காலத்தில் ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்காமல் இருந்ததில்லை. வேலை, ஆற்றல், திறன் ஆகிய மூன்று சொற்களையும் நாம் வீட்டில் ஒரு பொருளில் பேசுகிறோம், இயற்பியல் வேறு பொருளில் பேசுகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தஞ்சாவூரில் இருக்கும் நாம் இந்த மூன்றையும் கற்கக் கரும்பலகையைத் தேட வேண்டியதில்லை. காவிரியைப் பார்த்தால் போதும். அந்த ஆற்றின் கணக்கைப் படிக்கவே வந்து சேர்ந்த ஒருவரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். பையன்களும் பெண்களும் பென்சிலோடு உட்காருங்கள், பெரியவர்கள் காபியோடு உட்காரலாம்.

அவர் பெயர் ஆர்தர் காட்டன்.

பதினைந்து வயதில் தொடங்கிய பயணம்

காட்டன் 1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தார். பெரிய குடும்பம், உடன்பிறந்த சகோதரர்கள் மட்டுமே பத்துப் பேர். கிழக்கிந்தியக் கும்பினியின் படைக்கு ஆள் தயாரிக்கும் அடிஸ்கோம்பு பயிற்சிக் கூடத்தில் அவர் சேர்ந்தபோது வயது 15. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வயது அது. அங்கே பொறியியல் கற்று, வேல்ஸ் பகுதியில் நில அளவைப் பணியில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1821-ல் சென்னை வந்து இறங்கினார்.

அடுத்த ஆண்டே தெற்கு மாவட்டங்களின் ஏரி, குளங்களைப் பார்க்கும் பிரிவுக்கு உதவிப் பொறியாளராக அனுப்பப்பட்டார். பாம்பன் கால்வாயை அளந்தார். நடுவில் பர்மாவில் நடந்த முதல் போருக்குப் போய்த் திரும்பினார். இப்படி ஊர் ஊராக அலைந்தவருக்கு 1829-ல் காவிரிப் பாசனத்தின் பொறுப்பு தனியாகத் தரப்பட்டது. அப்போது அவருக்கு வயது 26.

இதே 1829-ல் இன்னொன்றும் நடந்தது. பிரான்சில் கொரியோலிஸ் என்ற அறிஞர் இயந்திரங்களைப் பற்றிய தம் நூலில், வேலை என்ற அன்றாடச் சொல்லுக்கு முதன்முதலாகக் கறாரான இயற்பியல் பொருள் கொடுத்தார். ஒரு பொருள்மீது விசை செலுத்தி, அந்த விசையின் திசையில் அது நகர்ந்தால், விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்கி வருவதே வேலை. நாம் இன்று பள்ளியில் படிக்கும் இலக்கணம் இதுதான். ஆற்றல் அழியாது, உருமாறும் என்பதை ஜூல் சோதனைகளால் நிறுவியது 1840-களில். நிலை ஆற்றல் என்ற பெயர் வந்தது 1853-ல். ஆக, காட்டன் காவிரிக் கரையில் நின்றபோது இந்தச் சொற்களில் பல இன்னும் பிறக்கவே இல்லை. சொல்லை அறியாமலே பொருளோடு மல்லுக்கட்டியவர் அவர்.

காவிரிக்கு வந்த நோய்

தஞ்சை நாடு 1799-ல் கும்பினியின் நிர்வாகத்துக்குள் வந்திருந்தது. கும்பினிக்கு வேண்டியது நிலவரி. வரி வர நெல் விளைய வேண்டும், நெல் விளையத் தண்ணீர் வேண்டும். தண்ணீரோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. காரணத்தை அறிய நீங்கள் முக்கொம்பு வரை மனத்தால் ஒரு நடை வர வேண்டும்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வலக்கை காவிரி, இடக்கை கொள்ளிடம். நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கடலுக்குப் போகக் கொள்ளிடம் நேர்வழி, சரிவும் அதிகம். காவிரியோ டெல்டா முழுவதும் கை விரித்து, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து பிரிந்து, மெதுவாகப் போகும் வழி.

இப்போது பென்சிலை எடுங்கள். உயரத்தில் இருக்கும் பொருளிடம் நிலை ஆற்றல் இருக்கிறது. எடை கிலோகிராமில், உயரம் மீட்டரில், இரண்டையும் பெருக்கி 9.8-ஆல் மீண்டும் பெருக்கினால் ஜூலில் விடை கிடைக்கும். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. அது 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் 9.8 ஜூல். கீழே இறங்க இறங்க அந்த நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக, அதாவது ஓட்டத்தின் வேகமாக மாறும்.

இயக்க ஆற்றலின் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. எடையில் பாதியை, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய எண்ணால் பெருக்க வேண்டும். 1 கிலோ தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் அரை ஜூல். 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் 1 ஜூல் அல்ல, 2 ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. 3 மீட்டர் வேகத்தில் 4.5 ஜூல், அதாவது ஒன்பது மடங்கு.

இதை ஆற்றில் பொருத்திப் பாருங்கள். வேகமாக ஓடும் வெள்ளம் மணலைப் புரட்டிக்கொண்டு போகும். வேகம் பாதியானால் மணலைத் தூக்கிச் செல்லும் ஆற்றல் காலில் ஒரு பங்காக விழுந்துவிடும், மணல் அங்கேயே படியும். சரிவு அதிகமான கொள்ளிடம் நீரை இழுத்துக்கொள்ள, காவிரியில் நீர் குறைந்தது. நீர் குறைந்ததால் வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததால் மணல் படிந்தது. மணல் படிந்து ஆற்றுப்படுகை உயர உயர, காவிரிக்குள் நுழையும் நீர் மேலும் குறைந்தது. ஒரு நோயே அடுத்த நோய்க்குக் காரணமாகும் சுழல் இது. இப்படியே விட்டிருந்தால் காவிரி மணல் ஓடையாகி, தண்ணீர் எல்லாம் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போயிருக்கும். தஞ்சை என்னவாகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அசையாத அணையின் பூஜ்யம்

காட்டன் முதலில் போய் நின்ற இடம் கல்லணை. கரிகால் சோழன் கட்டியதாக நாம் போற்றும் அணை. நீளம் 329 மீட்டர், அகலம் 20 மீட்டர், உயரம் 5.4 மீட்டர். அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகாமல் அடித்தளம்வரை ஆராய்ந்தார்.

ஆற்று மணலில் எவ்வளவு தோண்டினாலும் பாறை கிடைக்காத இடத்தில் அணை எப்படி நிற்கிறது? பழந்தமிழர் பெரிய பெரிய கற்களை மணல்மேல் போட்டார்கள். ஓடும் நீர் கல்லுக்கு அடியிலிருக்கும் மணலை அரித்தது, கல் கீழே இறங்கியது. அதன்மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கியது. இனி இறங்க முடியாது என்ற ஆழம் வந்ததும் அடித்தளம் உறுதியாகிவிட்டது. மேலே களிமண் பூசிக் கல் அடுக்கினார்கள். கவனியுங்கள், அந்தக் கல்லை ஆழத்துக்குக் கொண்டுபோன வேலையைச் செய்தது புவியீர்ப்பு. மணலை விலக்கிய வேலையைச் செய்தது ஆற்றின் இயக்க ஆற்றல். மனிதர் செய்தது கல்லைக் கொண்டுவந்து சரியான இடத்தில் போட்டது. இந்தப் பாடத்தைக் காட்டன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. மணலில் அணை கட்டும் கலையைத் தாம் கற்றது இங்கேதான் என்பதை அவர் ஒளிக்கவும் இல்லை.

இப்போது நம் பையனின் கேள்விக்கு வருவோம். அணைக்குப் பின்னால் 5 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் ஏறத்தாழ 12 டன் எடைக்குச் சமமான விசை அழுத்தும். 329 மீட்டருக்கும் கணக்கிட்டால் 4,000 டன்னைத் தொடும். அணையும் அதே விசையோடு எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஆனால் அது ஒரு விரற்கடைகூட நகரவில்லை. தூரம் பூஜ்யம், ஆகவே வேலையும் பூஜ்யம். நூற்றாண்டுகளாக நிற்கும் அணை அப்படி நிற்பதில் ஒரு ஜூல்கூட வேலை செய்யவில்லை. அணைக்குச் சாப்பாடு போட வேண்டாம், டீசல் ஊற்ற வேண்டாம், மின்கட்டணம் கட்ட வேண்டாம். வேலை பூஜ்யம் என்பது அணைக்கு அவமானம் அல்ல, அதுவே அதன் பெருமை.

அப்படியானால் பையனின் கை ஏன் வலித்தது? கல் போலக் கை சும்மா நிற்பதில்லை. வாளியை அசையாமல் பிடித்திருக்கத் தசை நார்கள் உள்ளே இடைவிடாமல் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். அதற்குச் சாப்பாட்டிலிருந்து வந்த ஆற்றல் செலவாகி வெப்பமாக மாறும். ஆற்றல் செலவானது உண்மை, வலியும் உண்மை. ஆனால் வாளிக்கு அதில் எதுவும் போய்ச் சேரவில்லை. வாளியின் மீது செய்த வேலைதான் பூஜ்யம். புத்தகம் உன்னைச் சோம்பேறி என்று சொல்லவில்லை கண்ணா, வாளியின் கணக்கைத்தான் சொல்கிறது. வாசலில் ஓர் ஆணி அடித்து வாளியை மாட்டியிருந்தால் அந்த ஆணி அதே காரியத்தைச் செலவில்லாமல் செய்திருக்கும்.

ஆற்றை ஆற்றைக் கொண்டே சுத்தம் செய்தது

கல்லணையில் காட்டன் செய்த மாற்றம் மணற்போக்கிகள். முழுச் சுவராக இருந்த அணையில் ஆங்காங்கே திறந்து கீழ்மட்டத்தில் மதகுகள் வைத்தார். அணைக்குப் பின்னால் நீர் தேங்கினால் வேகம் இழக்கும், மணல் படியும். அடிமட்டத்தில் குறுகிய வாய் திறந்தால் அந்த இடத்தில் நீர் சீறிப் பாயும், படிந்த மணலைத் தானே புரட்டி வெளியேற்றும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு என்ற அதே கணக்கு. ஆயிரம் பேர் மண்வெட்டியோடு செய்ய வேண்டிய தூர்வாரலை ஆறே செய்துகொண்டது.

ஆனால் நோயின் வேர் முக்கொம்பில் இருந்தது. கொள்ளிடத்தின் வாயில் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தினால்தான் காவிரிக்குள் நீர் திரும்பும் என்று காட்டன் திட்டம் கொடுத்தார். 1836-ல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தில் வெகு கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. மேலணை காவிரிக்கு நீரைத் திருப்பியது. கீழணை, கொள்ளிடத்தில் தப்பிப்போன நீரைக் கடலுக்கு முன்னால் பிடித்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் சுற்றியுள்ள வயல்களுக்கும் கொடுத்தது.

கல் சுமந்தவர்கள், மண் வெட்டியவர்கள், இடுப்பளவு நீரில் நின்றவர்கள் யார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அவர்கள் நம் ஊர் மக்கள். கணக்குப் போட்டவரை நினைக்கும்போது, அந்தக் கணக்கின் வேலைப் பகுதியை உடம்பால் செய்தவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மேலணையில் ஒரு பாடமும் இருந்தது. மருந்து கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது. காவிரிக்குள் நீர் பெருகியதும் வேகம் கூடியது, முன்பு மணல் படிந்த ஆறு இப்போது படுகையையும் கரையையும் அரிக்கத் தொடங்கியது. ஆகவே 1840-களில் காவிரியின் வாயிலும் குறுக்கே ஒரு தளவரிசை போட்டுக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. ஆற்றலைத் திருப்பிவிடலாம், மறையச் செய்ய முடியாது. ஓரிடத்தில் தடுத்தால் இன்னோரிடத்தில் அது தன் கணக்கைக் கேட்கும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். 182 ஆண்டு உழைத்த அணை அது. பக்கத்திலேயே புதிய கதவணை கட்டப்பட்டது.

இலவசமாகக் கிடைத்த உழைப்பு

இந்த அணைகளால் நமக்கு என்ன கிடைத்தது? பாசனத்துக்கு நீர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆற்றல் கணக்கில் சொன்னால்தான் அதன் அளவு புரியும்.

1 ஏக்கர் வயலில் 1 அங்குலம் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 1,03,000 லிட்டர் வேண்டும். அதைக் கிணற்றிலிருந்து 5 மீட்டர் மேலே இறைப்பதாக வைத்துக்கொள்வோம். 1,03,000-ஐ 9.8-ஆல் பெருக்கி, 5-ஆல் பெருக்கினால் சுமார் 50 லட்சம் ஜூல். இது செய்ய வேண்டிய வேலை. ஏற்றம் இறைத்தாலும், கமலையில் மாடு பூட்டினாலும், மோட்டார் போட்டாலும் இந்த வேலை மாறாது.

மாறுவது திறன். திறன் என்பது ஒரு நொடியில் எவ்வளவு வேலை என்ற கணக்கு. நொடிக்கு 1 ஜூல் என்றால் 1 வாட். நல்ல உடல்வாகு உள்ள ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து உழைத்தால் சுமார் 75 வாட் தரலாம். 50 லட்சத்தை 75-ஆல் வகுத்தால் 67,000 நொடி. பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல். ஒரு ஏக்கரில் ஒரே ஓர் அங்குலம் நிற்க ஒரு மனிதர் இரண்டு முழு நாள் ஏற்றம் மிதிக்க வேண்டும், அதுவும் சொட்டுகூடச் சிந்தாமல். நெல்லுக்கு விதைப்பிலிருந்து அறுவடைவரை 40 அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும். எண்பது நாள் உழைப்பு. நம் தாத்தா காலத்து ஏற்றப் பாட்டுகள் ஏன் அத்தனை நீளம் என்று இப்போது புரிகிறதா?

5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் 3,730 வாட். பாதி இழப்பில் போனாலும் 1,865 வாட் மிஞ்சும். 50 லட்சம் ஜூலை அது 45 நிமிடத்தில் முடித்துவிடும். வேலை ஒன்றே, நேரம் வேறு. ஆகவே திறன் வேறு.

தலைமடையில் மதகைத் திறந்தால் நீர் தானாக இறங்கி வயலுக்கு வருகிறதே, அந்த வேலையை யார் செய்கிறார்கள்? புவியீர்ப்பு செய்கிறது. அந்த நீரை உயரத்துக்குக் கொண்டுபோய் வைத்தது யார்? சூரியன். கடல் நீரை ஆவியாக்கி, மேகமாக்கி, குடகு மலையில் மழையாகக் கொட்டியது சூரிய வெப்பம். அந்த நிலை ஆற்றல்தான் நம் வாசல்வரை இறங்கி வருகிறது. ஏக்கருக்கு எண்பது ஆள்நாள் என்ற அந்த உழைப்பை லட்சக்கணக்கான ஏக்கருக்குக் காவிரி இலவசமாகச் செய்தது. காட்டன் புதிதாக ஒரு ஜூல்கூட உண்டாக்கவில்லை. கடலில் வீணாகப் போய்க்கொண்டிருந்ததை வயல் பக்கம் திருப்பிவிட்டார்.

கோதாவரியும் ஒரு தோல்வியும்

இடைவிடாத வெயிலும் அலைச்சலும் காட்டனின் உடம்பைக் கெடுத்தன. நீண்ட விடுப்பில் ஆஸ்திரேலியப் பக்கம் போனார். 1841-ல் எலிசபெத் லியர்மன்த் என்ற பெண்ணை மணந்தார். திரும்பி வந்தவர் பஞ்சத்தில் அடிபட்டுக் கிடந்த கோதாவரி மாவட்டத்தைப் பார்த்தார். கல்லணையில் கற்றதை அங்கே பெரிய அளவில் செய்து காட்டினார். தவளேஸ்வரத்தில் 1847-ல் தொடங்கிய அணை 1852-ல் முடிந்தது. இன்றும் அங்கே அவருக்கு ஊர் ஊராகச் சிலை உண்டு, தவளேஸ்வரத்தில் அருங்காட்சியகமும் உண்டு. அந்த மக்களின் நன்றிக்குப் பின்னால் நம் கல்லணையின் பாடம் இருக்கிறது என்பதில் நமக்கும் ஒரு பங்கு பெருமை.

1861-ல் சர் பட்டம் கிடைத்தது. ஆனால் அவர் வாழ்வில் பெரிய தோல்வியும் ஒன்று உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது, பாடமும் முழுமையாகாது.

அரசு ரயில்பாதைகளில் பணத்தைக் கொட்டியபோது காட்டன் எதிர்த்தார். அந்தப் பணத்தில் கால்வாய் வெட்டினால் பாசனமும் ஆகும், படகுப் போக்குவரத்தும் ஆகும் என்பது அவர் வாதம். ரயில் விளைந்த நெல்லை இடம் மாற்றும், நெல்லை விளைவிக்காது என்று வாதாடினார். இயற்பியலில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. மெல்லச் செல்லும் படகுக்கு நீர் காட்டும் எதிர்ப்பு மிகக் குறைவு. மண் பாதையில் வண்டி இழுக்கும் அதே குதிரை, கால்வாய்க் கரையில் நடந்து பல மடங்கு பாரமுள்ள படகை இழுத்துவிடும். விசை குறைந்தால் அதே தூரத்துக்கு வேலையும் குறையும்.

ஆனால் மெல்ல என்ற சொல்தான் அவரை வீழ்த்தியது. படகின் வேகத்தைக் கூட்டினால் நீரின் எதிர்ப்பு வெகு வேகமாக ஏறும். ரயிலுக்கு அந்தத் தொல்லை குறைவு. காட்டன் வேலையின் செலவைக் கணக்கிட்டார், உலகமோ திறனைக் கேட்டது. எவ்வளவு மலிவு என்பதோடு எவ்வளவு சீக்கிரம் என்பதும் முக்கியமாகிவிட்டது. அவர் ஊக்குவித்த கர்நூல்-கடப்பா கால்வாய் போட்ட முதலுக்கே நட்டம் காட்டியது. எதிர்த்தவர்களுக்கு அதுவே ஆயுதமாயிற்று. 1878-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்தது. அவருடைய திட்டங்கள் ஏற்கப்படவில்லை. தென்னாட்டில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பஞ்சம் அப்போதுதான் முடிந்திருந்தது. நீருக்குச் செலவிட்டிருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்ற அவருடைய கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

ஆக, இருவர் கணக்கும் பாதி சரி. வேலையை மட்டும் பார்த்தவர் நேரத்தை விட்டார். நேரத்தை மட்டும் பார்த்தவர்கள் வயிற்றை விட்டார்கள்.

முதுமையில் இங்கிலாந்தின் டார்க்கிங் என்ற ஊரில் குடியிருந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்து மண்ணை ஆழமாகக் கிளறிக் கோதுமை விளைச்சலைக் கூட்ட முடியுமா என்று சோதனை செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலையில், 96 வயதில் காலமானார்.

நம் தொட்டி, நம் வாய்க்கால்

இனி நம் நகருக்கு வருவோம். பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக் கணக்கு. 15 மீட்டர் உயரத் தொட்டிக்கு 10,000 லிட்டர் ஏற்ற வேண்டும். வேலை எவ்வளவு? 10,000-ஐ 9.8-ஆலும் 15-ஆலும் பெருக்குங்கள். 14,70,000 ஜூல். மின்வாரியம் கணக்கிடும் 1 யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம், அதாவது 36 லட்சம் ஜூல். ஆகவே நமக்கு வேண்டியது 0.41 யூனிட். மோட்டாரிலும் குழாயிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ 1 யூனிட். 1 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், 2 குதிரைத்திறன் மோட்டார் அரை மணியில் முடிக்கும். யூனிட் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய மோட்டார் வாங்கினால் பில் எகிறும் என்று கூட்டத்தில் நடந்த விவாதத்துக்கு இதுவே பதில். நாம் பணம் கட்டுவது ஆற்றலுக்கு, திறனுக்கு அல்ல. பில் உண்மையில் எகிறுவது தொட்டி நிரம்பி வழியும்போது. மேலே ஏற்றிய ஒவ்வொரு லிட்டரும் வழிந்து விழும்போது நாம் கொடுத்த ஆற்றலும் சேர்ந்தே விழுகிறது.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் நகரின் பின்னால் ஓடும் வாய்க்காலைப் பாருங்கள். பாலித்தீன் பையும் தேங்காய் மட்டையும் அடைத்து நீரின் வேகம் குறைந்திருக்கிறது. வேகம் பாதியானால் மண்ணை அடித்துப்போகும் ஆற்றல் கால் பங்கு. ஆகவே வண்டல் படிகிறது, வாய்க்கால் மேடாகிறது, ஐப்பசி மழையில் தண்ணீர் நம் கார் நிறுத்துமிடத்துக்கு வருகிறது. முக்கொம்பில் காவிரிக்கு வந்த அதே நோய், சிறிய அளவில். நம் வாசலில் தேங்குவது நமக்கு ஒரு வாரத் தொல்லை. அதே வாய்க்காலின் கடைமடையில் இருப்பவருக்கு அது ஒரு போகம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் அவர் வயலுக்குத் தண்ணீர் போகாமல், மோட்டாரைப் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. ஆறு இலவசமாகச் செய்த வேலையை அவர் காசு கொடுத்துச் செய்கிறார்.

மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்கு ஒருவர் வந்தால் நம் பகுதி வாய்க்காலை நாமே சுத்தம் செய்துவிடலாம். மண்வெட்டி, கூடை, கையுறை சங்கத்தில் உண்டு. காபி, பொங்கல் ஏற்பாடும் உண்டு. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஒரு கூடை மண்ணைக் கரைமேல் ஏற்ற எத்தனை ஜூல் என்று அங்கேயே கணக்குப் போடுவோம்.

வாளிக் கேள்வி கேட்ட நம் பையன் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறான். கூடையைப் பிடித்துக்கொண்டு சும்மா மட்டும் நிற்கமாட்டானாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.